பால் குடித்தால் வயிறு பொருமுகிறதா? லாக்டோஸ் பற்றி நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

காலையில் ஒரு கிளாஸ் பால். அரை மணி நேரத்தில் வயிறு உப்புகிறது, கடமுடவென்று சத்தம் போடுகிறது. வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் இரண்டு முறை கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. நம்மவர்கள் பலர் இதைக் "காற்று" என்றும் "சூடு" என்றும் சொல்லி, வயிற்றில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு நாளைக் கடத்திவிடுகிறார்கள். சிலர் பயந்து பாலை முற்றாக நிறுத்திவிடுகிறார்கள். சிலரோ பால்தான் காரணம் என்று தாங்களே முடிவு கட்டி, வேறொரு நோயை மாதக்கணக்கில் கவனிக்காமல் விடுகிறார்கள். கடைசியாகச் சொன்னதுதான் ஆபத்தானது.

பாலில் இயற்கையாகவே ஒரு சர்க்கரை உண்டு. அதன் பெயர் லாக்டோஸ். அது குளுக்கோஸ், கேலக்டோஸ் என்ற இரண்டு சிறிய சர்க்கரைகள் ஒட்டிய ஜோடி. ஜோடியாக இருக்கும்வரை உடல் அதை உறிஞ்ச முடியாது. சிறுகுடலின் உள்சுவரில் சுரக்கும் லாக்டேஸ் என்ற நொதிதான் அதைப் பிரித்துவிடுகிறது. நொதி குறைவாக இருந்தால் லாக்டோஸ் பிரியாமல் பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். அங்கே இருக்கும் கிருமிகளுக்கு அது விருந்து. அவை அதைப் புளிக்க வைக்கும்போது ஹைட்ரஜன், கரியமில வாயு, சிலருக்கு மீத்தேன் ஆகியவை உண்டாகின்றன. உப்புசமும் வாயுவும் இதனால்தான். பிரியாத சர்க்கரை தண்ணீரையும் குடலுக்குள் இழுத்துக்கொள்வதால் பேதியாகிறது. பொதுவாகப் பால் குடித்த அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தொல்லை தொடங்கும்.

இதில் குடலுக்குக் காயமோ புண்ணோ ஏற்படுவதில்லை. அவதி உண்டு, ஆபத்து இல்லை.

நம்மில் பெரும்பாலோருக்கு ஏன்?

கைக்குழந்தையாக இருக்கும்போது ஏறக்குறைய எல்லோருக்கும் லாக்டேஸ் தாராளமாகச் சுரக்கும். தாய்ப்பாலில் பசும்பாலைவிட அதிக லாக்டோஸ் இருக்கிறது, நூறு மில்லிலிட்டருக்குச் சுமார் 7 கிராம். பால்குடி மறந்த பிறகு, இரண்டு மூன்று வயதிலிருந்து, பெரும்பாலான மனிதர்களுக்கு இந்த நொதி மெல்லக் குறையத் தொடங்குகிறது. உலகில் மூன்றில் இரண்டு பங்குப் பெரியவர்கள் இந்த நிலையில் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். அதாவது நொதி குறைவதுதான் இயல்பு, வயதான பிறகும் சுரந்துகொண்டே இருப்பதுதான் விதிவிலக்கு. ஐரோப்பியர்களிடம் அந்த விதிவிலக்குக்குக் காரணமான மரபணு மாற்றத்தைப் பின்லாந்து ஆய்வாளர்கள் 2002-இல் கண்டறிந்தார்கள்.

மலேசியாவில் மூன்று இனத்தவரிடமும் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2006-இல் வெளியானது. மலாய்க்காரர்களில் 88 விழுக்காடு, சீனர்களில் 91 விழுக்காடு, இந்தியர்களில் 83 விழுக்காட்டினருக்கு லாக்டேஸ் குறைவு என்று அது காட்டியது. இந்தியர்கள் பால் குடித்தே வளர்ந்த இனம், நமக்கு இது வராது என்று நினைப்பவர்கள் இந்த எண்ணைக் கவனிக்கலாம். இந்தியாவிலேயே வடமேற்கில் பால் செரிக்கும் மரபணு அதிகம், தெற்கே வரவரக் குறைகிறது. நம் முன்னோரில் பெரும்பாலோர் வந்தது தெற்கிலிருந்து. தெற்கிலும் விதிவிலக்கு உண்டு. நீலகிரியில் எருமை வளர்த்து வாழ்ந்த தோடர்களிடம் அந்த மரபணு நிறையவே காணப்படுகிறது.

தோட்டத்தில் "பால்" என்றால் முதலில் நினைவுக்கு வந்தது ரப்பர் பால்தான். குடிக்கும் பால் பெரும்பாலும் டின்னில் வந்தது, அல்லது லயத்துக்குப் பின்னால் மாடு கட்டியிருந்த ஒரு சில வீடுகளிலிருந்து வந்தது. வெறும் பாலைக் கிளாஸ் கிளாஸாகக் குடித்தவர்கள் குறைவு. கோப்பியில் இரண்டு கரண்டி, சோற்றில் கொஞ்சம் மோர் என்றே போயிற்று. அதனால் தாத்தா பாட்டிக்கு இது தெரியாமலே போயிருக்கலாம். இன்றைக்குப் பேரன் பெட்டிப் பாலும் மைலோவும் ஐஸ்கிரீமும் ஒரே நாளில் சாப்பிடும்போது வெளியே தெரிகிறது.

ஒவ்வாமை வேறு, இது வேறு

பேச்சு வழக்கில் இரண்டையும் "பால் ஒத்துக்காது" என்றே சொல்கிறோம். மருத்துவத்தில் இரண்டும் வெவ்வேறு. ஒவ்வாமை என்பது பாலிலுள்ள புரதத்தை உடலின் எதிர்ப்புச் சக்தி எதிரியாக நினைத்துத் தாக்குவது. தோலில் தடிப்பு, உதடும் முகமும் வீங்குதல், வாந்தி, மூச்சுத் திணறல் ஆகியவை வரலாம். சிறு துளியே சிலருக்கு உயிராபத்தாகும். மூச்சுத் திணறலோ முக வீக்கமோ இருந்தால் 999-ஐ அழையுங்கள் (சிங்கப்பூரில் 995). காத்திருக்கக் கூடாது.

லாக்டோஸ் செரிக்காதவருக்குச் சிறு துளி ஒன்றும் செய்யாது. அளவு கூடினால்தான் தொல்லை. இந்த வேறுபாடு தெரியாததால் நேரும் தவறு ஒன்றுண்டு. புரத ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு "லாக்டோஸ் இல்லாத பால்" வாங்கிக் கொடுப்பார்கள். அதில் சர்க்கரைதான் பிரிக்கப்பட்டிருக்கிறது, புரதம் அப்படியே இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு அது பாதுகாப்பானது அல்ல.

கோப்பிக்கடையில் எவ்வளவு இருக்கிறது?

250 மில்லிலிட்டர் பசும்பாலில் சுமார் 12 கிராம் லாக்டோஸ். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதையெல்லாம் இதோடு ஒப்பிடலாம். செரிக்காதவர்களிலும் பெரும்பாலோர் ஒரே வேளையில் இந்த 12 கிராமைப் பெரிய தொல்லை இல்லாமல் தாங்குகிறார்கள், அதுவும் சாப்பாட்டோடு சேர்ந்தால்.

தே தாரிக்கில் ஊற்றும் கெட்டிப்பாலில் ஒரு மேசைக்கரண்டிக்குச் சுமார் 2 கிராம் இருக்கும். இன்று கடைகளில் ஊற்றுவது பெரும்பாலும் உண்மையான கெட்டிப்பால் அல்ல, செம்பனை எண்ணெய் சேர்த்த இனிப்புக் கிரீமர். அதில் பால் பொருள் குறைவாகவே இருக்கும். எனவே ஒரு கிளாஸ் தே தாரிக்கில் உங்கள் வயிற்றைக் கலக்குவது லாக்டோஸ்தான் என்று உடனே முடிவு செய்ய வேண்டாம். அதிலிருக்கும் சீனி வேறு கவலை. தே சீ-யில் ஊற்றுவது ஆவியாக்கிய பால், அதில் லாக்டோஸ் சாதாரணப் பாலைப்போல் இரண்டு மடங்கு அடர்த்தி. தே ஓ, கோப்பி ஓ இரண்டிலும் பால் கிடையாது.

நாசி லெமாக், செண்டோல், கறி ஆகியவற்றில் சேர்வது தேங்காய்ப் பால். பெயரில்தான் பால், லாக்டோஸ் அதில் துளியும் இல்லை. சோயா பாலிலும் இல்லை. நாசி லெமாக் சாப்பிட்டு வயிறு கலங்கினால் கொழுப்பையோ சம்பலின் காரத்தையோ சந்தேகிக்கலாம்.

நம் இனிப்புகளில்தான் எச்சரிக்கை தேவை. ஒரு லிட்டர் பாலைச் சுண்டக் காய்ச்சினால் தண்ணீர்தான் போகும், அதிலிருந்த 48 கிராம் லாக்டோஸ் அப்படியே நிற்கும். பால்கோவா, ரசமலாய், பால் பாயசம் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். தீபாவளி மறுநாள் வயிறு கெட்டுப்போவதற்கு முறுக்கு எண்ணெயை மட்டும் குறை சொல்ல முடியாது. நெய்யில் லாக்டோஸ் கிட்டத்தட்ட இல்லை. வெண்ணெயில் மிகச் சொற்பம். பன்னீரில் மோர்த்தண்ணீர் வடிந்துவிடுவதால் பாலைவிடக் குறைவு. செடார் போன்ற கெட்டிச் சீஸில் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

பொட்டலத்தில் மலாய் மொழியில் அச்சிட்டிருப்பதைப் படிக்கும்போது 'சூசூ', 'செர்புக் சூசூ', 'பெபெஜால் சூசூ', 'வே', 'லக்தோசா' ஆகிய சொற்களைத் தேடுங்கள். 'பெபாஸ் லக்தோசா' என்றிருந்தால் லாக்டோஸ் நீக்கியது. த்ரீ-இன்-ஒன் பாக்கெட்டுகளில் வரும் 'சோடியம் கேசினேட்' பால் புரதம். லாக்டோஸ் செரிக்காதவருக்கு அது பிரச்சினை இல்லை, பால் ஒவ்வாமை உள்ளவருக்குப் பிரச்சினை.

எப்படி உறுதி செய்வது?

முதல் பரிசோதனைக்குச் செலவே இல்லை. இரண்டு வாரம் பால், பால் பொருள்கள் அனைத்தையும் நிறுத்துங்கள். என்ன சாப்பிட்டீர்கள், வயிறு எப்படி இருந்தது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். தொல்லை குறையவில்லை என்றால் பால் காரணமல்ல, தேடலை வேறு பக்கம் திருப்ப வேண்டும். குறைந்தால், ஒரு விடுமுறை நாள் காலையில் 250 மில்லிலிட்டர் சாதாரணப் பால் குடித்து நான்கு மணி நேரம் கவனியுங்கள். திரும்பவும் அதே தொல்லை வந்தால் சந்தேகம் வலுக்கிறது.

மனமும் வயிற்றைக் கலக்கும் என்பதால் இன்னும் நேர்மையாகச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. வீட்டில் ஒருவரை ஒருநாள் சாதாரணப் பாலும் வேறொரு நாள் லாக்டோஸ் நீக்கிய பாலும் எது என்று சொல்லாமல் ஊற்றித் தரச் சொல்லுங்கள். நீக்கிய பால் சற்று இனிக்கும், கொஞ்சம் கோப்பித் தூள் கலந்தால் வேறுபாடு தெரியாது. இரண்டு நாளும் ஒரே மாதிரி வயிறு பொருமினால் குற்றவாளி லாக்டோஸ் இல்லை.

மருத்துவமனையில் செய்யும் முறைகளில் சுவாசப் பரிசோதனையே அதிகம் நம்பப்படுகிறது. இரவு முழுக்க வெறும் வயிற்றோடு இருந்து, காலையில் 25 முதல் 50 கிராம் லாக்டோஸ் கரைத்த நீரைக் குடிக்க வேண்டும். பிறகு சில மணி நேரம் குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு குழாயிலோ பையிலோ ஊத வேண்டும். குடல் கிருமிகள் உண்டாக்கும் ஹைட்ரஜன் ரத்தத்தில் கலந்து மூச்சில் வெளியேறும். முதல் அளவைவிடப் பத்து லட்சத்தில் 20 பங்கு கூடினால் லாக்டோஸ் செரிக்கவில்லை என்று பொருள். முந்தைய நாள் பருப்பு, பயறு, வெங்காயம் தவிர்த்து வெள்ளைச் சோறும் மீனும்போல எளிதாகச் செரிப்பதைச் சாப்பிடச் சொல்வார்கள். சோதனை நாளில் புகை பிடிக்கக் கூடாது. அதற்கு முந்தைய நான்கு வாரத்தில் ஆன்டிபயாடிக் எடுத்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், முடிவு தவறாக வரும். எல்லா ஊர்களிலும் இந்த வசதி இல்லை. அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவரைப் பார்த்து, தேவைப்பட்டால் குடல் நிபுணர் உள்ள மருத்துவமனைக்குக் கடிதம் வாங்குவதே வழக்கமான பாதை.

இன்னொன்று ரத்தப் பரிசோதனை. லாக்டோஸ் குடித்த பிறகு ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 1.1 மில்லிமோல்கூட ஏறவில்லை என்றால் அது பிரிந்து உறிஞ்சப்படவில்லை என்று கொள்வார்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த முறை நம்பகமானதல்ல.

சுவாசப் பரிசோதனையில் "செரிக்கவில்லை" என்று வந்தாலே பாலை விட வேண்டும் என்பதில்லை. சோதனையில் தருவது இரண்டு முதல் நான்கு கிளாஸ் பாலுக்குச் சமமான அளவு. அன்றாடம் கொஞ்சமாகக் குடித்துத் தொல்லை இல்லாதவர் குடிக்கலாம். இன்னொரு விஷயம்: விரலில் ஒரு துளி ரத்தம் எடுத்து நூறு உணவுக்கு "ஒத்துக்கொள்ளாமை" சொல்லும் எதிர்ப்புப் புரதச் சோதனைகளை நூற்றுக்கணக்கான ரிங்கிட்டுக்கு விற்கிறார்கள். லாக்டோஸ் செரிக்காமைக்கும் எதிர்ப்புச் சக்திக்கும் தொடர்பே இல்லை. அந்தச் சோதனை இதைக் காட்டவே முடியாது. பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

பால் மேல் பழி போடும் முன்

நம் சமூகத்தில் இனிப்புநீர் அதிகம். அதற்கு முதலில் தரும் மாத்திரை மெட்ஃபார்மின். வாயு, வயிற்றுப்போக்கு, உப்புசம் ஆகியவை அதன் நன்கு அறியப்பட்ட பக்கவிளைவுகள். மாத்திரை தொடங்கிய நாளையும் வயிறு கெடத் தொடங்கிய நாளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். சாப்பாட்டோடு எடுப்பது, அளவை மெல்லக் கூட்டுவது, மெதுவாகக் கரையும் வகைக்கு மாறுவது என வழிகள் உண்டு. தானாக நிறுத்துவது மட்டும் கூடாது. பல மாத்திரைகளில் நிரப்பியாக லாக்டோஸ் சேர்ப்பது உண்மைதான். அந்த அளவு மிகச் சிறியது, அதற்காக ரத்த அழுத்த மாத்திரையையோ இனிப்புநீர் மாத்திரையையோ யாரும் விட வேண்டியதில்லை.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, ரத்தச்சோகை, தொடர்ந்த காய்ச்சல் ஆகியவற்றை லாக்டோஸ் உண்டாக்காது. ஐம்பது வயதுக்கு மேல் மலம் கழிக்கும் பழக்கம் திடீரென்று மாறினாலும் அப்படித்தான். இவற்றில் ஒன்று இருந்தாலும் பாலை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். பெருங்குடல் புற்றுநோயைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் குணப்படுத்தும் வாய்ப்பு மிக அதிகம். "தே குடிச்சதுதான் காரணம்" என்று ஆறு மாதம் கழிப்பது அந்த வாய்ப்பைத் தின்றுவிடும்.

விடவும் வேண்டாம், அவதிப்படவும் வேண்டாம்

தொல்லை அடங்கியதும் உங்கள் எல்லை எது என்று கண்டுபிடியுங்கள். கால் கிளாஸ் பாலில் தொடங்கி, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். வெறும் வயிற்றில் குடிப்பதைவிடச் சாப்பாட்டோடு குடிப்பது எளிது. வயிற்றிலிருந்து உணவு மெதுவாக இறங்கும்போது இருக்கிற கொஞ்ச லாக்டேஸுக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கிறது. ஒரே மூச்சில் ஒரு கிளாஸ் என்பதைக் காலையில் பாதி, இரவில் பாதி என்று பிரித்துக்கொள்ளலாம்.

தயிரும் மோரும் நமக்குப் பழகிய நல்ல வழி. உறை ஊற்றும்போது கிருமிகள் லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன. மீதியைச் செரிக்கத் தங்கள் சொந்த நொதியையும் நம் குடலுக்குள் கொண்டுவருகின்றன. அதனால் பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்கிறது. கொதிக்கிற ரசத்திலோ குழம்பிலோ தயிரைப் போட்டால் கிருமி செத்துவிடும், இந்தப் பயன் போய்விடும்.

லாக்டேஸ் மாத்திரைகள் மருந்தகத்தில் கிடைக்கின்றன. பால் பொருளின் முதல் வாயோடு எடுக்க வேண்டும். வயிறு கலங்கிய பிறகு எடுத்துப் பயனில்லை. கல்யாண வீட்டுக்குப் போகும் நாளுக்கு உதவும், தினமும் எடுப்பது தேவையற்ற செலவு.

ஆட்டுப்பால் ஒத்துக்கொள்ளும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். ஆட்டுப்பாலிலும் பசும்பாலுக்குக் கிட்டத்தட்ட அதே அளவு லாக்டோஸ் இருக்கிறது. எருமைப்பாலும் அப்படியே. ஏ2 பாலில் மாறுவது புரதத்தின் வகைதான். காய்ச்சினாலும் லாக்டோஸ் போகாது.

பாலை அறவே விட்டவர்கள், குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்கள், சுண்ணாம்புச் சத்தை வேறு வழியில் தேட வேண்டும். பெரியவர்களுக்கு நாளுக்கு 1,000 மில்லிகிராம், ஐம்பதைக் கடந்த பெண்களுக்கு 1,200 மில்லிகிராம் தேவை. ஒரு கிளாஸ் பாலில் சுமார் 300 கிடைக்கும். நெத்திலியை முள்ளோடு சாப்பிடுங்கள், முள் நீக்கிய வகையில் சத்து குறைந்துவிடும். டின் சார்டினில் மென்மையான முள்ளையும் சேர்த்துச் சாப்பிட வேண்டும். கேழ்வரகு மாவில் நூறு கிராமுக்கு 340 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. முருங்கைக்கீரை, எள், தவ்ஹூ ஆகியவையும் நல்லவை. பசலைக்கீரையில் சத்து இருந்தாலும் உடல் அதிகம் உறிஞ்சாது. சந்தையில் விற்கும் சோயா பாலில் சுண்ணாம்பு குறைவு, பெட்டியில் 'கால்சியும்' சேர்த்ததாக எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

தைப்பூச விரதத்தில் பாலும் பழமும் மட்டும் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். வெறும் வயிற்றில் பெரிய கிளாஸ் பால் என்பது லாக்டோஸ் செரிக்காதவருக்கு மிகக் கடினமான முறை. பேதியோடு பத்துமலைப் படி ஏறினால் உடலில் நீர் வற்றும். பால்குடம் எடுப்பது நேர்த்திக்கடன், வயிற்றுக்கு நீர்மோரும் லாக்டோஸ் நீக்கிய பாலும் கொடுக்கலாம். இனிப்புநீர் உள்ளவர்கள் விரதம் தொடங்குமுன் மாத்திரை நேரத்தைக் கிளினிக்கில் கேட்டுக்கொள்வது நல்லது.

குழந்தைகள்

கைக்குழந்தைக்குப் பேதி என்றால் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. நிறுத்தக் கூடாது. பிறவியிலேயே லாக்டேஸ் இல்லாத குழந்தை மிக மிக அரிது. வயிற்றுக் கிருமியால் கடும் பேதி வந்த பிறகு குடல் சுவர் சேதப்பட்டு, நொதி தற்காலிகமாகக் குறையும். சில வாரங்களில் தானே சரியாகும். அந்த நாட்களில் தாய்ப்பாலும் ஓஆர்எஸ் கரைசலும் தொடர வேண்டும். டின் பால் குடிக்கும் குழந்தைக்கு லாக்டோஸ் இல்லாத மாவு தேவையா என்பதை மருத்துவர் சொல்லட்டும். தேங்காய்ப் பாலோ சாதாரணச் சோயா பாலோ கைக்குழந்தைக்கு மாற்றாகாது. சிறுநீர் குறைந்தாலும், அழும்போது கண்ணீர் வராவிட்டாலும், கண் குழிந்து பிள்ளை சோர்ந்து கிடந்தாலும் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

பள்ளிக்கூடத்தில் பால் குடித்த நாளில் மட்டும் பிள்ளைக்கு வயிறு வலிக்கிறதென்றால் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். ஓய்வு நேரத்தில் சாப்பாட்டோடு பாதி குடிக்க வைத்துப் பார்க்கலாம். அப்போதும் வலித்தால் பாலுக்குப் பதில் வேறு என்ன தரலாம் என்று ஆசிரியரோடு பேசிக்கொள்ளுங்கள். பிள்ளை சோம்பேறித்தனத்துக்குச் சாக்கு சொல்கிறது என்று திட்டுவதற்கு முன் நோட்டுப் புத்தகத்தில் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்.